முதலில் கூரையைப் பார்

சென்னை ஜி.பி. ரோட்டில் பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில், கவுண்டரில் நின்று தொழில் பழகியவன் நான். எங்கள் கடைக்குக் கார் வராது. காரின் ஒரு துண்டுதான் வரும். தினத்தாளில் சுற்றிய கதவுக் கைப்பிடி வரும். துருத் தண்ணீர் சொட்டும் வாட்டர் பம்ப் வரும். பாதி உடைந்த இண்டிகேட்டர் மூடி வரும். கொண்டு வருகிறவர் டிரைவராக இருப்பார், இல்லாவிட்டால் ஒர்க்‌ஷாப் பையனாக இருப்பான். “அம்பாசிடருக்கு வேணும்” என்று சொல்லிவிட்டு நிற்பார்கள். அம்பாசிடர் 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 மே மாதம் வரை மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் தயாரான வண்டி. அதற்குள் அதன் முகம் மாறியது, என்ஜின் மாறியது, கியர் கம்பியின் இடமும் மாறியது. எந்த அம்பாசிடர் என்று கேட்டுத் தெளியாமல் சாமானை எடுத்துக் கொடுத்தால் மறுநாள் அது திரும்பி வரும். செங்கல்பட்டிலிருந்தோ ஆரணியிலிருந்தோ பஸ் ஏறி வந்தவருக்கு ஒரு நாள் வீண்.

அதனால் துண்டைப் பார்த்து முழு வண்டியை மனதுக்குள் கட்டிப் பார்ப்பதே எங்கள் வேலை. அப்படிப் பழகிய கண் கடையோடு நின்றுவிடாது. சிக்னலில் முன்னால் நிற்கும் வண்டி, கல்யாண மண்டபத்து வாசலில் பூ கட்டி நிற்கும் வண்டி, போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சக்கரம் மட்டும் தெரியும் வண்டி, எதைப் பார்த்தாலும் இது எந்த வருஷத்து வண்டி, என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். தெருவில் ஓடும் பழைய காரை அடையாளம் காண எனக்குத் தெரிந்த வழிகளை இங்கே சொல்கிறேன்.

எங்கள் கடைப் பெரியவர் முதலில் சொல்லிக் கொடுத்தது இது: “கூரையைப் பார். கண்ணாடியைப் பார். கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு பார். கிரில்லைக் கடைசியில பார்.” இதற்குக் காரணம் உண்டு. பேட்ஜ், கிரில், பம்பர், ஹெட்லைட், வீல் கப், சீட்டு, பெயிண்ட் ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அம்பாசிடருக்கும் ஜீப்புக்கும் ஒரே ஏழு அங்குல உருண்டை விளக்கு பொருந்தும். என்ஜினைக்கூட இறக்கி வேறு ஏற்றிவிடலாம். கூரையின் வளைவையும், முன்கண்ணாடியின் சட்டத்தையும், கதவு உட்காரும் இடத்தையும் மாற்ற யாரும் துணிய மாட்டார்கள். வண்டியின் விலையைவிட டிங்கர் கூலி அதிகமாகிவிடும். எளிதில் மாறாத இடத்தில்தான் வண்டியின் உண்மை இருக்கிறது.

அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். அந்த வீங்கிய கூரை 1954-ல் வந்த ஹிந்துஸ்தான் லேண்ட்மாஸ்டரிலேயே இருந்தது. அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 2. அம்பாசிடர் அதற்கடுத்த சீரீஸ் 3. கூரை குடும்பத்தைச் சொல்லிவிடும். அடுத்து பின்பக்கம் போக வேண்டும். பின் மட்கார்டு உருண்டையாகச் சரிந்து இறங்கினால் லேண்ட்மாஸ்டர். விளக்குக்கு மேலே சின்ன வால் இறக்கை போல் நிமிர்ந்து நின்றால் அம்பாசிடர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு முகத்துக்கு வரலாம். நெருக்கமான சிறு கட்டங்கள் போட்ட கிரில் 1960-களின் ஆரம்பத்தில் வந்த மார்க் 2. படுக்கைக் கம்பிகளாக ஓடினால் 1975-ல் வந்த மார்க் 3. கிரில் சிறுத்து, கட்டங்கள் பெரிதாகி, பக்கத்தில் சதுர இண்டிகேட்டர் வந்தால் 1979-க்குப் பிந்தைய மார்க் 4. கியர் கம்பி ஸ்டியரிங் கழுத்தில் இருந்தால் பழைய வழக்கம். தரையில் நின்றால் 1990-களில் ஐசுஸு என்ஜினோடு வந்த 1800 ஐ.எஸ்.இசட். காலத்து வண்டி, அல்லது யாரோ பின்னால் மாற்றியது.

இந்த ‘அல்லது’தான் தெருவில் பெரிய வேலை வைக்கும். மார்க் 2 கிரில் கிடைக்காத காலத்தில் ஏகப்பட்ட பழைய வண்டிகளுக்கு மார்க் 4 முகத்தைப் பூட்டினார்கள். நான் சட்டைப் பையில் துணி சுற்றிய சின்ன காந்தம் ஒன்று வைத்திருப்பேன். உரிமையாளர் சம்மதித்தால் இண்டிகேட்டர் பக்கம் அதை மெதுவாக நகர்த்திப் பார்ப்பேன். தகடு இருக்கும் வரை காந்தம் பிடித்துக்கொண்டே வரும். பழைய உருண்டை விளக்கு இருந்த ஓட்டையைப் பட்டி போட்டு மூடியிருந்தால் அந்த இடத்தில் பிடி விட்டுவிடும். விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும்: தகடு கணீரென்று பேசும், பட்டி மந்தமாகப் பேசும். பெயிண்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த வட்டத்தை மறைக்க முடியாது. நாலாம் மார்க் முகத்துக்குப் பின்னால் இருபது வருஷம் மூத்த வண்டி உட்கார்ந்திருப்பது அப்போது தெரியவரும்.

தூரத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் உதவும். அம்பாசிடருக்குப் பதினைந்து அங்குலம், ஃபியட்டுக்குப் பதினாலு, ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குப் பதின்மூன்று. கூட்டத்தில் வண்டியின் உடம்பு மறைந்து கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தாலும், சக்கரத்துக்கும் மட்கார்டு வளைவுக்கும் உள்ள பொருத்தத்தை வைத்து ஊகித்துவிடலாம். ஃபியட் 1100-இல் முதலில் வந்த வடிவத்துக்கு வால் இறக்கை கிடையாது, முதுகு உருண்டு இறங்கும். அதன் முன்கதவின் கீல் நடுத்தூணில் இருக்கும், கதவு முன்பக்கமாகப் பிளந்து திறக்கும். பம்பாய்க்காரர்கள் அதன் உருண்ட தோற்றத்தைப் பார்த்து டுக்கர் ஃபியட் என்று பெயர் வைத்தார்கள்; டுக்கர் என்றால் பன்றி. பிற்பாடு இறக்கை முளைத்தது, கதவும் திருந்தியது. 1970-களில் அதே வண்டி பிரீமியர் பிரெசிடென்ட் ஆகி, உடனே பிரீமியர் பத்மினி ஆனது. பத்மினி என்று எழுதியிருக்கிறதே என்று அப்படியே நம்பிவிடக் கூடாது. பின்னால் வந்த பேட்ஜை முன்னால் வந்த ஃபியட்டில் ஒட்டிய வண்டிகள் நிறைய.

ஸ்பானரும் ஒரு சாட்சி. பானெட் திறந்திருக்கும் பழைய வண்டிக்குப் பக்கத்தில் மெக்கானிக் என்ன ஸ்பானர் விரித்து வைத்திருக்கிறார் என்று பாருங்கள். இங்கிலாந்து வழி வந்த மோரிஸ், ஆஸ்டின், ஸ்டாண்டர்டு, அம்பாசிடர் எல்லாம் அங்குலக் கணக்கு: அரை, பதினாறில் ஒன்பது. இத்தாலி வழி வந்த ஃபியட் மில்லிமீட்டர்: பத்து, பதின்மூன்று, பதினேழு. அம்பாசிடர் பானெட்டுக்குள் மில்லிமீட்டர் ஸ்பானர் ஓடினால் உள்ளே இருப்பது ஐசுஸு, அல்லது வேறு ஏதோ ஜப்பான் என்ஜின். மேலே இருக்கும் உருவம் வேறு, உள்ளே இருக்கும் என்ஜின் வேறு என்று வண்டியை ஓட்டிப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

சென்னைக்காரனான எனக்கு மிகவும் நெருக்கமான வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் ஊர் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் தயாரானது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. முன் மட்கார்டு இரண்டும் பானெட்டோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். என்ஜின், ரேடியேட்டர், முன்சக்கரங்கள் எல்லாம் திறந்த வெளியில் நிற்கும். சந்துக்குள் திருப்பும்போது முன்சக்கரம் வளைவதைப் பார்த்தால் கழன்றுவிடுமோ என்று தோன்றும். அவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்பும். ஆரம்பத்தில் இரண்டு கதவு. 1960-களின் இறுதியில் மார்க் 3 நாலு கதவோடு வந்தது. அந்த நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் உண்டு, இங்கிலாந்தில்கூடக் கிடையாது. 1970-களில் அதே 948 சிசி என்ஜினோடு, முகத்தை மாற்றி கெஸல் என்று விட்டார்கள்.

ஹெரால்டா கெஸலா என்ற கேள்வி கடைக்கு அடிக்கடி வரும். ஒரு இளைஞர் போனில் படம் காட்டினார். நாலு கதவு. கிரில்லைக் கழற்றி பெயிண்டுக்குக் கொடுத்திருந்தார்கள். முன்பக்கம் வெறும் ஓட்டை.

“தாத்தா வண்டிண்ணே. வீட்ல ஹெரால்டும்பாங்க. ஒர்க்‌ஷாப்ல கெஸல்ங்கறாங்க. எந்தப் பேர் சொல்லிச் சாமான் வாங்கறதுன்னே தெரியல.”

“பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினப்ப கூட இருந்தீங்களா தம்பி?”

“இருந்தேண்ணே.”

“சக்கரம் ரெண்டும் எப்படித் தொங்குச்சு?”

அவர் இரண்டு கையையும் தூக்கி, விரல் நுனிகளைக் கீழே உள்பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். “இப்படி மடங்கிருச்சுண்ணே. ஆக்ஸில் உடைஞ்சிருச்சோன்னு பயந்துட்டேன்.”

“உடையல. அது ஹெரால்டு. உங்க வீட்ல சொன்னதுதான் சரி.”

ஹெரால்டின் பின் ஆக்ஸில் நடுவில் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் ஊஞ்சல் போல ஆடும். குறுக்காகப் படுத்த ஒரே பட்டை ஸ்பிரிங் கட்டு அதைத் தாங்கும். உடம்பைத் தூக்கினால் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கும். கெஸலுக்குக் கட்டை ஆக்ஸில், தூக்கினாலும் இரண்டு சக்கரமும் நேராக நிற்கும். கிரில் இல்லாமல், பேட்ஜ் இல்லாமல், வண்டியையே பார்க்காமல் ஒரு கேள்வியில் தீர்ந்தது. சரியான ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பையன் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்தபோது, தொழில் என்று நான் செய்துகொண்டிருப்பது என்ன என்று எனக்கே விளங்கிற்று. தாத்தாவின் சொல் மெய்யென்று பேரனுக்கு நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன்.

அதற்கும் மூத்த வண்டிகளுக்கு முன்கண்ணாடிதான் வழி. மோரிஸ் மைனரின் முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பியோடு இரண்டு துண்டாக இருந்தால் 1956-க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அந்த வருஷம் வந்த மைனர் 1000 அல்லது அதற்குப் பின். ஹெட்லைட் மட்கார்டில் இல்லாமல் கிரில்லுக்குப் பக்கத்தில் தாழ உட்கார்ந்திருந்தால், 1948-ல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து வந்த முதல் மைனர்களில் ஒன்று. அதைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாவது பார்த்துவிட்டுப் போங்கள். ஜீப்பில் மட்டும் இந்த விதி மாறும், கிரில்லையே பார்க்கலாம். கிரில்லில் ஒன்பது இடைவெளி இருந்தால் யுத்த காலத்து ராணுவ ஜீப், ஏழு இருந்தால் சிவில் ஜீப். பானெட் நிமிர்ந்து உயர்ந்து நின்றால் சி.ஜே. 3பி. வால்வு தலைமேல் ஏறிய உயரமான என்ஜினுக்கு இடம் கொடுப்பதற்காக உயர்த்திய பானெட் அது. மஹிந்திரா 1940-களின் கடைசியிலேயே ஜீப் பூட்டத் தொடங்கியதால் மலைத் தோட்டங்களில் இந்தப் பரம்பரை இன்னமும் சரக்கு ஏற்றிக்கொண்டு திரிகிறது.

நம் சாலைகளில் 1955-க்கு முந்தைய வண்டிகளில் அத்தனை ரகமும், அதற்குப் பின் மூன்றே உருவமும் இருப்பது ஏன் என்று பலர் கேட்பார்கள். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் வெளிநாட்டுக் கார்களைப் பாகங்களாக இறக்கி இங்கே பூட்டி விற்றார்கள். சென்னையில் அடிசன் மோரிஸ் கார்களைப் பூட்டியது. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 பூட்டியது. இன்று லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போன அசோக் லேலண்டின் பூர்வாசிரமம் அதுதான். 1953-ல் வரி ஆணையம் செய்த பரிந்துரையை ஏற்று, உள்நாட்டிலேயே பாகம் செய்யத் திட்டமில்லாதவர்கள் வெறும் பூட்டு வேலையைத் தொடரக் கூடாது என்று அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் பம்பாய் ஆலையை மூடியது. அதன்பின் முப்பது வருஷம் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றுதான் ஊரெங்கும் ஓடின. தெருவில் ஒரு ஆஸ்டினையோ செவர்லேவையோ பார்த்தால், அந்த முடிவுக்கு முன்னால் வந்து சேர்ந்த வண்டி என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நம்பர் பிளேட்டையும் வாசிக்கத் தெரிய வேண்டும். 1989-ல் டி.என். 01 என்று தொடங்கும் முறை வந்தது. அதற்கு முன் மூன்று எழுத்து. எம் என்று ஆரம்பித்தால் மெட்ராஸ் ராஜதானி, மெட்ராஸ் மாநிலக் காலம். டி என்று ஆரம்பித்தால் தமிழ்நாடு என்று பெயர் மாறிய பிறகு. தி.நகர் நினைவு இல்லத்தில் நிற்கும் எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் டி.எம்.எக்ஸ். 4777. எழுத்தைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும். ஆனால் பதிவான காலமும் செய்த காலமும் ஒன்றல்ல. வேறு மாநிலத்திலிருந்து பிற்பாடு வந்து பதிவான வண்டிகள் உண்டு. அதனால் பிளேட்டைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, பானெட்டுக்கு அடியில் உள்ள சேஸிஸ் தகட்டையும் ஆர்.சி. புத்தகத்தையும் ஒத்துப் பார்ப்பதே முறை.

பழைய கார் என்றால் தாத்தா காலத்து வண்டி என்ற நினைப்பும் மாற வேண்டும். உலக அளவில் பழங்கார் அமைப்புகளின் சம்மேளனம் முப்பது வயதைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 1984-ல் வந்த காண்டசா இன்று கிளாசிக். வாக்ஸ்ஹால் விக்டரின் உடம்பில் முதலில் அம்பாசிடரின் 1489 சிசி என்ஜினையே வைத்து விட்டார்கள். ஐசுஸு என்ஜின் ஏறிய பின்தான் அந்தப் பெரிய உடம்புக்கு உயிர் வந்தது. பிரீமியர் 118 என்.இ.யும் கிளாசிக்தான். என்.இ. என்றால் நிஸான் என்ஜின். வண்டலூரில் 1985-ல் வந்து 1988-ல் நின்றுபோன ஸ்டாண்டர்டு 2000-மும் அப்படித்தான். ரோவர் எஸ்.டி.1-இன் நவீன உடம்புக்குள் பழைய வான்கார்டு என்ஜினின் மறு வடிவம். 1983 டிசம்பரில் வெளிவந்த முதல் மாருதி 800, 1986-ல் உருமாறுவதற்கு முந்தைய அந்தச் சின்னப் பெட்டி வடிவம், இன்று மோரிஸ் மைனரைவிட அரிதாகக் கண்ணில் படுகிறது. இளைஞர்களின் கண் வேண்டியிருப்பது இந்த வண்டிகளுக்குத்தான். பழசும் இல்லை, புதுசும் இல்லை என்று நினைத்து, வண்டி உடைக்கும் புதுப்பேட்டைக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

கண் பழக ஒரு வழி சொல்கிறேன். கோயம்புத்தூர் அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒருமுறை போய், கைபடாத வண்டி எப்படி இருக்கும் என்று மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு தெருவுக்கு வாருங்கள். தெருவில் ஓடும் வண்டி அப்படி இருக்காது. அதற்காக அதைக் குறைவாக நினைக்கக் கூடாது. எந்தச் சாமான் எப்போது சந்தையிலிருந்து மறைந்தது, அதற்கு மாற்றாக எந்த மெக்கானிக் எதைக் கொண்டு ஈடுகட்டினார் என்ற சரித்திரம் அதன் மேல் எழுதியிருக்கிறது. மியூசியம் வண்டி ஆலையின் வேலையைக் காட்டும். தெரு வண்டி நம் ஒர்க்‌ஷாப்காரர்களின் வேலையைக் காட்டும்.

அடையாளம் காண்பதில் இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், பெயர் தெரியாத வண்டிதான் முதலில் எடைக்குப் போகிறது. வாங்கியவர் காலமான பிறகு பிள்ளைகளுக்கு அது “அப்பாவோட பழைய கார்”. இடத்தை அடைக்கிறது என்று கிலோ கணக்கில் கொடுத்துவிடுகிறார்கள். அது இந்தியாவில் மட்டும் செய்த நாலு கதவு ஹெரால்டு என்றோ, எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின் என்றோ அவர்களுக்கு ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு நாளாவது யோசித்திருப்பார்கள். நான் பார்த்த வரையில், யோசிக்க ஆரம்பித்தவர்களில் பலர் கொடுக்கவில்லை.

வண்டியைக் காப்பாற்ற நினைப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை வி.ஏ. என்ற எழுத்தோடு விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். கட்டணம் இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. கோயிலுக்கும் கடைக்கும் ஓட்ட விரும்புகிறவர்கள் சாதாரணப் பதிவையே ஒழுங்காகப் புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது. ஓடுகிற வண்டிக்குத்தான் சாமான் கேட்டு ஆள் வருவார்கள். ஆள் வந்தால்தான் கடை சாமானை வைத்திருக்கும், மெக்கானிக் கை மறக்காமல் இருக்கும். ஓட்டம் நின்றால் இந்தச் சங்கிலி முழுக்க அறுந்துபோகும்.

அடுத்த முறை சாலையில் ஒரு பழைய கார் தென்பட்டால் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். கூரை, கண்ணாடி, கதவு, வால், கடைசியாக கிரில் என்ற வரிசையில் பார்த்து, இன்னது என்று முடிவுக்கு வாருங்கள். வண்டிக்காரரிடம் போய், “சார், இது மார்க் 2 தானே?” என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் உங்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடக்கும். தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். ஆர்.சி. புத்தகத்துக்குள் மாடலையும் வருஷத்தையும் ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளை அந்த வண்டியை விற்பதா வைத்துக்கொள்வதா என்று அவர் பிள்ளைகள் உட்கார்ந்து பேசும்போது, அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.